மேசை எண் இரண்டு, இரத்மலானை

எங்களிடம் பறப்பவை இரண்டு.
மூன்றாவது ஹேங்கருக்குப் பின்னால்
புல்லுக்குள் நிற்கிறது.
இறக்கை உண்டு, வால் உண்டு, உள்ளே ஒன்றுமில்லை.
அதைக் கழற்றிக் கழற்றித்தான்
மற்ற இரண்டும் வானத்தில்.

குட்டி விமானம், நான்கு எஞ்சின்.
ஏன் நான்கென்று கேட்காத பயணி இல்லை.
சண்டை பிடித்து ஜன்னல் இருக்கை வாங்கியவர்கள்
வெளியே எஞ்சின்தான் தெரிகிறது என்று
எனக்கு முறைப்பாடு எழுதுகிறார்கள்.
முறைப்பாடு மேசை எண் ஒன்று.
நான் உதிரிப்பாகம்.

இறங்கும்போது ஊளையிடும்.
ஃபிளாப் விரிகிற அந்தப் பத்து விநாடி
காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ்ஸே
ஹோர்னை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும்.
கல்கிசைப் பக்கமிருந்து ஒரு நாய்
ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லும்.

உலகத்தில் இதை ஓட்டுகிற கம்பனிகள்
என் கொப்பியில் இருக்கின்றன.
நான் வேலைக்கு வந்த வருடம் மூன்று பக்கம்.
இப்போது ஒன்று,
அதிலும் பாதிக்கு மேல் சிவப்புக் கோடு.
எல்லோரும் வாங்கும் விமானத்தை வாங்கியவர்களுக்கு
செய்தவன் இருக்கிறான், கடை இருக்கிறது,
அடுத்த நாளே பெட்டி வரும்.
எங்களுக்கு நாங்கள்தான்.

லீமாவில் எல்வீரா.
தெஹ்ரானில் பெஹ்ரூஸ்.
பெர்த்தில் ஒருவர், 'கே' என்று மட்டும் கையெழுத்திடுவார்.
முகம் தெரியாது.
எல்வீராவின் மகன் பல்லுக்குக் கம்பி போட்டது தெரியும்.
பெஹ்ரூஸ் பம்புக்கு விலை சொல்லுமுன்
கொழும்பில் மழையா என்று கேட்பான்.
ஓம், நல்ல மழை என்று எழுதுவேன்.
பாதி நாள் பொய்.

போன ஐப்பசியில் ஒன்று படுத்துவிட்டது.
ஒரு வால்வு.
உள்ளங்கையில் அடங்கும்.
கப்டன் ஜெகசோதி தொப்பியைக் கழற்றி
என் மேசையில் வைத்தார்.
"இது கிடைக்காட்டி பிள்ளை,
பலாலிச் சனத்தை பஸ்ஸிலதான் ஏத்தோணும்."
லலந்த டோர்ச்சோடு புல்லுக்குள் போனான்.
அரை மணித்தியாலம் தேடிவிட்டு
கையை விரித்தபடி வந்தான்.
போன வருடம் அதைக் கழற்றியதே அவன்தான்,
மறந்துவிட்டான்.

இரவிரவாக எல்லோருக்கும் எழுதினேன்.
கே: ஒன்று இருக்கிறது, எனக்கே வேண்டும்.
பெஹ்ரூஸ் மழையை விசாரித்தான்,
கீழே ஒரு மன்னிப்பு.
எல்வீரா மூன்று நாள் பேச்சில்லை.

நான்காம் நாள் விடிய எழுதியிருந்தாள்:

எங்கள் கடைசி விமானம் நேற்று பாலைவனத்துக்குப் போனது.
போகுமுன் ஏறி ஏழாம் வரிசையில் கொஞ்சநேரம் இருந்தேன்.
பெல்ட்டும் போட்டுக்கொண்டேன், சிரிக்காதே.
களஞ்சியத்தில் மிச்சமுள்ளதையெல்லாம்
பட்டியல் போட்டு விற்கச் சொல்கிறார்கள்.
உன் வால்வைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி
பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.
பெறுமதி?
சும்மா தந்தது.
சும்மா என்று எழுத கட்டம் இல்லை, மிஸ்.
எட்டு டொலர் என்று போட்டேன்.
உள்ளே வால்வைச் சுற்றி
லீமாப் பத்திரிகை ஒன்றின் வானிலைப் பக்கம்.
எல்லா நாளுக்கும் ஒரே முகில் படம்.
அதை பெஹ்ரூஸுக்குப் படமெடுத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மாலை பறந்து திரும்பியது.
லீமாவுக்கு நேரே கோடு போட
சிவப்புப் பேனை கையில் இருந்தது.
எல்வீரா ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்,
காசு அல்ல.
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.
காகம், யாரோ கேட் சாத்தும் சத்தம்,
லலந்தவின் இருமல்,
பிறகு அது,
வெள்ளவத்தைப் பக்கத்தால் இறங்கி
தொண்டை திறந்து.

அனுப்பிவிட்டுக் கொப்பியை மூடினேன்.
கோடு போட்டேனா என்று நினைவில்லை.

வீடு போய் முகம் கழுவும்போது பதில்.
ஒற்றை வரி.

யாருடையது அந்த நாய்?